பதினேழாவது ஆள்

ஜனவரி 11

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அத்தான் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார். உன் இருமல் நின்றதா? உன் வீட்டுக்காரிக்கு நின்று நின்று கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். மருந்துக்கடையிலேயே வேலை பார்க்கிறவளுக்கு நான் என்ன வைத்தியம் சொல்வது?

போனில் பேசுவதில்லை என்ற ஒப்பந்தத்தை இந்த வருஷமும் காப்பாற்றுவோம். போன் என்றால் மூன்றாவது நிமிஷம் சண்டை. கடிதம் என்றால் நான் திட்டி முடிக்கிற வரைக்கும் உன்னால் குறுக்கே பேச முடியாது.

சரி, என் பாட்டைக் கேள். சின்னச் சின்ன மருத்துவ நிறுவனங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் ஆளாளுக்கு ஆராய்ச்சி செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறவர்கள், நர்ஸ் அனுப்புகிறவர்கள், உன்னைப் போலக் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள். எல்லோரும் ஓகோவென்று ஓடுகிற கம்பெனியைத்தான் தேடிப் போய்ப் பேட்டி எடுக்கிறார்கள். மூடினவர்களை ஒருவரும் சீண்டுவதில்லை. பிழைத்த நோயாளிகளை மட்டும் விசாரித்துவிட்டு, மருந்து நல்ல மருந்து என்று எழுதுவது மாதிரி இருக்கிறது. அதனால் நான் மூடினவர்களை மட்டும் கேட்கப் போகிறேன்.

இந்த ஆய்வில்தான் என் பிழைப்பே தொங்குகிறது. எட்டு வருஷமாக வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். இனிமேல் புதுப்பிக்க மாட்டார்களாம். ஒன்று நிரந்தர வேலை, இல்லை வீட்டுக்குப் போ. செப்டம்பரில் தேர்வுக் குழு கூடும்போது இந்தக் கட்டுரை கையில் இருந்தாக வேண்டும்.

பல ஊர்களுக்கு அறிவிப்பு போகிறது. உன் கடைக்கும் வந்தால் கிழித்துப் போடு. ஒன்று, உன் கடை ஓடுகிறது. இரண்டு, நீ என் தம்பி. ஆராய்ச்சி செய்கிறவரின் சொந்தக்காரர்கள் சேரக்கூடாது என்பது கறாரான விதி.

போன வாரம்கூட முதல் வகுப்பில் உன் கடையைப் பற்றித்தான் பேசினேன். அப்பா நோயில் படுத்திருந்த கட்டிலை வாடகைக்கு விட்டு ஆரம்பித்து இன்றைக்கு வேனில் போய் நிற்கிறானே என் தம்பி என்று சொன்னால் பிள்ளைகள் பேனாவை எடுக்கிறார்கள். வேன் எப்படி இருக்கிறது?

இருமலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.

உன் அக்கா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. நீ திட்டுவாய் என்ற பயத்தில் தானாகவே போய்விட்டது. அத்தானை நடக்கச் சொல்லித் தொந்தரவு செய்யாதே, பாவம். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு, மாடிப்படியில் வீராப்புக் காட்டாதே. என் வீட்டுக்காரிக்குக் கடையில் ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். உட்காரத்தான் நேரமில்லையாம்.

வேன் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. ஏதோ கியர் பாக்ஸ் என்கிறான். அதனால் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். நேற்று ஊர்க்கோடியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கவாதத்தில் படுத்திருக்கிறவர் பழைய பஸ் கண்டக்டர். இடுப்புக்குக் கீழே அசைவே கிடையாது, வாய் மட்டும் டாப் கியரில் ஓடும். காற்று மெத்தையைச் சரிபார்த்து அவரை ஒரு பக்கமாகத் திருப்பினால், "போலாம் ரைட்!" என்று குரல் கொடுப்பார். மறுபக்கம் திருப்பினால், "இறங்கறவங்க முதல்ல இறங்குங்கப்பா!" நானும் அவர் பெண்டாட்டியும் சிரித்து முடிப்பதற்குள் கை வலி தெரியாமல் வேலை முடிந்துவிடும்.

உன் ஆராய்ச்சி விஷயம் படித்தேன். மூடினவன் வாயைத் திறப்பான் என்று எந்த தைரியத்தில் இறங்கினாய்? சரி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அவர்கள் சொல்வதெல்லாம் யாருக்கும் தெரியாது என்கிறாயே, நிஜமாகவே தெரியாதா? உனக்குக்கூடவா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

கடை ஓடுகிறது. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

•

மார்ச் 14

தம்பிக்கு,

முழங்காலை விடு, இப்போது தலைவலி. அத்தானுக்கும் ஜலதோஷம், வீடு முழுக்கத் தும்மல். உங்கள் இரண்டு பேர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ சொன்னதுதான் நடக்கிறது. வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். ஒருவர் போனை எடுத்து, "அந்தக் கம்பெனிக்காரர் செத்துட்டாருங்க" என்று தானே தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இன்னொருவர் பேட்டிக்கு ஒப்புக்கொண்டு, ஒரு மணி நேரம் தன் மகளின் பரத வகுப்பைப் பற்றியே பேசியிருக்கிறார். பேசியவர்களில் தேறியது பதினாறு பேர். அதிலும் பாதிப் பேர் "அரசாங்கம் சரியில்லை, போட்டி அதிகம்" என்று பொதுக்கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். நெஞ்சைத் தொட்டு ஒருவராவது பேச வேண்டாமா? எனக்குப் புரியவேயில்லை. கடையை மூடினால் மூடினதுதான். அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

ரகசியம் பற்றிக் கேட்டாயே. பெயரும் விலாசமும் எங்கள் புள்ளிவிவரக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். பேட்டியும் அவர்தான் எடுக்கிறார். கல்லுளிமங்கன், அடித்துக் கேட்டாலும் சொல்ல மாட்டார். பெயர், ஊர், உறவுமுறை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒரு எண்ணைப் போட்டு என்னிடம் தருவார். எனக்குத் தெரிவது அந்த எண் மட்டும்தான். பேசுகிறவர் யாரென்று கண்டுபிடிக்க நான் முயற்சி செய்வதே குற்றம். அவ்வளவு பந்தோபஸ்து செய்தும் ஆள் வரவில்லை.

உன்னிடம் சொல்வதற்கென்ன, பயமாக இருக்கிறதுடா. இந்த வயதில் வெளியே அனுப்பினால் எங்கே போவேன்? இன்னும் ஒரே ஒருவர், மனசைத் திறந்து பேசுகிற ஒருவர் கிடைத்தால் போதும், கட்டுரை எழுந்து நின்றுவிடும்.

வேன் வந்ததா? நம்பி வாங்கிய வண்டி இப்படியா காலை வாரும்?

அக்கா

•

மே 22

தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா, இல்லை வழக்கமான சோம்பேறித்தனமா? சோம்பேறித்தனம் என்று நம்பி மன்னித்துவிட்டேன், ஏனென்றால் நான் இன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறேன். முழங்கால்கூட வலிக்கவில்லை.

ஆள் கிடைத்துவிட்டார்! பதினேழாவது ஆள். அவராகவே கூப்பிட்டு, "நான் பேசணும்" என்று சொன்னாராம். புள்ளிவிவரக்காரர் முழுப் பேட்டியையும் இன்னும் துடைத்து முடிக்கவில்லை. சில பக்கங்களைத்தான் முதலில் கொடுத்தார். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

அவர் சொல்கிறார்: "பலசரக்குக் கடைன்னா ஷட்டரை இறக்கிட்டுப் போயிடலாங்க. இதுல ஒரு ஆள் படுத்திருக்காரு. கடையை மூடிட்டேன்னு அவர்கிட்ட போய்ச் சொல்லி, எழுந்திருங்கன்னா சொல்ல முடியும்?" கம்பெனியை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பொருளையெல்லாம் விற்றாயிற்று. ஆனால் ஒரு வீட்டிலிருந்து மட்டும் எடுக்க மனசு வரவில்லையாம். இன்றைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறாராம். வேறு எங்கோ சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே!

புரிகிறதா உனக்கு? மருத்துவ நிறுவனம் மூடின தேதியில் மூடுவதில்லை. அதற்குப் பிறகும் யாரோ ஒருவர் தனியாக அதை நடத்திக்கொண்டிருக்கிறார். இதைப் புத்தகத்தில் எவரும் எழுதியதில்லை. நான் எழுதப் போகிறேன்.

ஒரு விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. மூடினதைக் குடும்பத்தில் "மிக நெருங்கிய மூத்தவர் ஒருவரிடம்" இன்னும் சொல்லவில்லையாம். உறவுமுறையைத் துடைத்துவிட்டார்கள், அப்பாவோ, பெரியப்பாவோ, யாரோ. "அவங்க முகத்தை நினைச்சாலே சொல்ல வரலைங்க" என்கிறார். ஏன்டா, அந்தப் பெரிய மனுஷர் என்ன பூதமா? கண் முன்னால் பிறந்து வளர்ந்த பிள்ளை இப்படி வாயைக் கட்டிக்கொண்டு திரிகிறதே, அதன் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்.

உடனே பதில் போடு. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

அக்கா

•

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாததற்குக் கோபப்படாதே. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சோம்பேறித்தனம் என்றே வைத்துக்கொள். உனக்கு வலி குறைந்ததும் அத்தானுக்குத் தும்மல் நின்றதும் சந்தோஷம்.

உன் கட்டுரைக்கு ஆள் கிடைத்ததைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உனக்கு இருந்ததைவிட எனக்குத்தான் அதிகம். இனி நிரந்தர வேலைதான், போ.

அந்தப் பெரியவரை மட்டும் ரொம்பத் திட்டாதே. பூதமாக இருந்தால் சொல்லிவிடலாம் அக்கா. பூதத்துக்கு யார் பயப்படுகிறார்கள்? அவர் இந்த ஆள் மேல் உயிரையே வைத்திருப்பவராக இருக்கலாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறவராக இருக்கலாம். அவர் பேசி முடித்த பிறகு எந்த வாயால் போய்ச் சொல்வது? எனக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா தோன்றியதை எழுதுகிறேன்.

கண்டக்டருக்கு இந்த மாதம் கொஞ்சம் சளி. "ரைட்" சொல்வதில் பழைய கணீர் இல்லை. அவர் பெண்டாட்டி ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. வேன் இன்னும் வரவில்லை.

தம்பி

•

ஜூலை 16

என் செல்லத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நலம் விசாரிக்கக்கூட நேரமில்லாமல் எழுதுகிறேன். அந்த வேனை மெக்கானிக்குக்கே கட்டிக் கொடுத்துவிட்டாயா? சீர்வரிசை அனுப்ப வேண்டுமென்றால் சொல்.

கட்டுரையின் முதல் வடிவம் தயார். பதினேழை நடுவில் உட்காரவைத்து, மற்ற பதினாறு பேரையும் சுற்றி நிறுத்தியிருக்கிறேன். துறைத்தலைவர் படித்தார். எதையும் பாராட்டாத மனிதர், "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அது மாலை மரியாதை மாதிரி. இனி முழுப் பேட்டியும் வந்ததும், மேற்கோளெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை ஒத்துப் பார்த்து அனுப்ப வேண்டியதுதான்.

இப்போது உன் தலையில் ஒரு கல்லைத் தூக்கிப் போடப் போகிறேன். செப்டம்பரில் தேர்வுக் குழு கூடுகிற அன்றைக்கே துறையில் ஒரு கருத்தரங்கம். மூடினவர்களைப் பற்றி நான் பேசுவேன். நிலைத்து நின்ற ஒருவரும் மேடையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று துறைத்தலைவர் சொன்னார். சட்டென்று உன் பெயரைச் சொல்லிவிட்டேன்! ஆய்வில்தான் சொந்தக்காரர் கூடாது, மேடையில் பேசலாம். நீ வந்து பத்து நிமிஷம் பேசு. எப்படி ஆரம்பித்தாய், எப்படி இன்னும் நடத்துகிறாய் என்று. கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வராதே.

எனக்கு உன்னை மேடையில் பார்க்க வேண்டும்டா. அப்பா படுத்திருந்தபோது நான் படிப்பு, பரீட்சை என்று ஓடிவிட்டேன். நீ கூடவே இருந்தாய். அதை ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

டிக்கெட் போட்டு எழுது.

அக்கா

•

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். மேடையெல்லாம் எனக்கு ஆகாது. எனக்குப் பத்துப் பேர் முன்னால் நின்றாலே பெயர் மறந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வரவேற்புரை சொல்லப் போய் நன்றியுரையைச் சொல்லிவிட்டு வந்தவன் நான். வேறு யாரையாவது பார்.

அதோடு கண்டக்டரை விட்டுவிட்டு வர முடியாது. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறேன். கால் வேறு கொஞ்சம் வலிக்கிறது. வேனும் இல்லை.

கட்டுரையை நல்லபடியாக அனுப்பிவிடு. அதுதான் முக்கியம். மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி

•

செப்டம்பர் 7

அக்கா,

ஒரு மாதம் ஆயிற்று. நீ பதில் போடவில்லை. மேடைக்கு வரமாட்டேன் என்றதற்குத் திட்டியாவது எழுதுவாய் என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முழங்காலில் ஏதாவது ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்களா? அத்தானுக்குப் போன் போட்டேன். "உங்க அக்கா நல்லாத்தான் இருக்கா, ஆனா சாப்பாட்டுல உப்பு போட மறந்துடறா" என்றார். நீ உப்பை மறக்கிறவள் இல்லையே.

கட்டுரை போய்விட்டதா? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

தம்பி

•

செப்டம்பர் 28

தம்பிக்கு,

நான் நலம். அத்தான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

கட்டுரையை அனுப்பவில்லை. ஆய்விலிருந்து ஒரு பேட்டியை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஏன் என்று உனக்கு எழுத எனக்கு அனுமதி இல்லை. நெறிமுறைக் குழுவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர்களிடமும் ஆள் யார் என்று சொல்லவில்லை. இனி மற்றவர்களை வைத்து முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்கு ஒரு வருஷமாவது ஆகும்.

தேர்வுக் குழு குறித்த நாளில் கூடியது. கருத்தரங்கத்தில் நான் பேசவில்லை. நீ வராதது நல்லதாகப் போயிற்று.

ஏதாவது எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எழுது. நானாக எதையும் கேட்கக்கூடாது, கேட்கவும் மாட்டேன். கண்டக்டர் எப்படி இருக்கிறார்?

அக்கா

•

அக்டோபர் 6

அக்கா,

கடையை மூடிவிட்டேன்.

இந்த ஒரு வரியை எழுதுவதற்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. போன வருஷம் கோடையில் மூடினேன். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களே கட்டில், மெத்தை, நர்ஸ் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். என்னிடம் வந்தவர்கள் அங்கே போக முடியாதவர்கள் மட்டும்தான். அவர்களிடம் வாடகை கேட்க எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியுமே. இப்போது அதே ஆஸ்பத்திரியில் ஸ்டோர் வேலை. வேன் ஒர்க்‌ஷாப்பில் இல்லை. அதை விற்று ரொம்ப நாளாயிற்று.

உன் பதினேழாவது ஆள் நான்தான். எனக்கும் அறிவிப்பு வந்தது. கிழித்துப் போட எடுத்தேன். "ஒரே ஒருவர் கிடைத்தால் போதும், பயமாக இருக்கிறதுடா" என்று நீ எழுதினாயே, அன்றைக்கு அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். மூடினவன் ஒருவன் வேண்டும் என்கிறாய். நான்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனே! ஒன்று கூடட்டும் என்று நினைத்தேன். பேட்டி எடுத்த மனிதர் முதலில், "ஆராய்ச்சிக்காரங்க யாராவது உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கூசாமல் சொன்னேன். உனக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

பொய் எதுவும் சொல்லவில்லை அக்கா, அந்த ஒன்றைத் தவிர. பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. முகம் தெரியாத மனிதரிடம் சொல்ல முடிந்தது உன்னிடம் சொல்ல முடியவில்லை. நீ ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் என்னை நிறுத்துகிறாய். நான் இறங்கிப் போய்விட்டால் அந்த இடத்தில் எதைச் சொல்வாய்? அதோடு கடையை மூடின அன்றைக்கு அப்பாவை இன்னொரு தடவை விட்டுவிட்ட மாதிரி இருந்தது. அதை உன்னிடம் எப்படிச் சொல்ல?

கண்டக்டர் போன மாதம் போய்விட்டார். தூக்கத்திலேயே. கட்டிலைப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. இனி நான் போக வேண்டிய வீடு எதுவும் இல்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

•

அக்டோபர் 19

அட மடையா,

நலமெல்லாம் கிடக்கட்டும். நீயே சொல்லிவிட்டதால் இப்போது நான் பேசலாம். அதனால் முதலில் திட்டி முடிக்கிறேன். யாராவது இப்படிச் செய்வார்களாடா? கிழித்துப் போடு என்று எழுத்தில் கொடுத்தேனே! எட்டு வருஷ உழைப்பு. மூளையை எங்கே கழற்றி வைத்தாய்? கழுதை.

ஆகஸ்டில் முழுப் பேட்டியும் வந்தது. மேற்கோளை ஒத்துப் பார்க்க உட்கார்ந்தேன். நடுவில் ஒரு இடம். எந்த வீட்டில் கட்டில் போட்டாலும் முதலில் தானே அதில் படுத்துப் பார்ப்பேன் என்கிறார் அந்த ஆள். "மின்விசிறி நேர் மேலே இருக்கக்கூடாதுங்க. படுத்துக் கிடக்கறவங்களுக்குத் தலைக்கு மேல கத்தி சுத்தற மாதிரி இருக்கும்." புள்ளிவிவரக்காரர் பெயரைத் துடைத்தார், ஊரைத் துடைத்தார். இதைத் துடைக்க அவருக்குத் தெரியவில்லை. அப்பா தினமும் சொன்னது அது. நாம் இரண்டு பேர்தான் கேட்டோம். நான் கட்டிலை நகர்த்தலாம் என்று சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் போய்விட்டேன். நீதான் நகர்த்தினாய்.

அதற்குப் பிறகு நீ எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். வேன், கியர் பாக்ஸ், பஸ், கண்டக்டர். கண்ணை மூடிக்கொண்டு படித்திருக்கிறேன். அந்தப் பூதம் நான்தான். என்னையே நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டேன்.

ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். யாருக்குத் தெரியப் போகிறது, அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உன் பேச்சை என் கட்டுரையில் திரும்பப் படிக்கப் படிக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. நீ என்னிடம் சொல்லாததை உன் அனுமதி இல்லாமல் கேட்டுவிட்ட மாதிரி. அதை அச்சில் போட்டு நான் வேலை வாங்க வேண்டுமா? போய்ச் சொல்லிவிட்டேன். நீ செய்தது தப்பு. நான் எடுத்தது சரி. அதற்காக நீ அழ வேண்டியதில்லை.

அப்பாவை நீ விடவில்லை. இன்னொரு தடவை அப்படி எழுதினால் நேரில் வந்து அறைவேன்.

இப்போது மற்றது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஓடுகிற கம்பெனிகளை ஆராய்கிற ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி. என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிந்தது.

தம்பி, இதை இன்னும் அத்தானிடம் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். பொது நூலகத்தில் பேப்பர் பகுதியில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்னைப் போலவே டப்பாவோடு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போனதும், "இன்னைக்கு வகுப்பு எப்படி?" என்று அத்தான் கேட்கிறார். "நல்லா போச்சு" என்கிறேன். தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்க்கிறார். அவ்வளவுதான், டப்பாவைக் கழுவ எழுந்து போய்விடுகிறேன்.

உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். எப்படிடா சொல்வது?

அக்கா

•

அக்டோபர் 25

அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். நூலகத்தில் நாற்காலி சரியில்லை என்றால் முழங்காலுக்கு ஆகாது.

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் ஒன்றரை வருஷம் வேனை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருப்பேனா? என் வீட்டுக்காரியிடம்கூட நானாகச் சொல்லவில்லை. ஒரு நாள் சாவிக்கொத்து இளைத்துவிட்டதைப் பார்த்து அவளாகக் கேட்டாள்.

ஸ்டோரில் லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். சனிக்கிழமை காலையில் நீ எங்கேயும் கிளம்பாதே. நீ சொல்லு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வார்த்தை வராவிட்டால் என் கடை மூடின கதையை நான் முதலில் ஆரம்பிக்கிறேன், அத்தானுக்கு அதுவும் தெரியாது. அவர் என்னைத் திட்டி முடிப்பதற்குள் நீ உன்னுடையதைச் சொல்லிவிடு. நீ அழ ஆரம்பித்தால் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் நான் சமையலறைக்குள் போய்விடுவேன். வீட்டை விட்டுப் போக மாட்டேன்.

தம்பி